கீரைக் கட்டுல அஞ்சு ரூபா குறைக்கிறதுக்குப் பேரு சிக்கனமா?

சிக்கனமா இருந்தா சீக்கிரமே கடன் இல்லாம, யார்கிட்டயும் கை கட்டி நிக்காம வாழலாம். இதை நான் முழுசா நம்புறேன். அதிகமா சம்பாதிக்கிறதை விட, இருக்கிற சம்பளத்துல செலவைக் குறைக்கிறதுதான் வேகமான வழி. அதுக்கான கணக்கையும் கீழே போட்டுக் காட்டறேன். ஆனா டவுன்ல சிக்கனம்னு பேர் வச்சிக்கிட்டு ஒரு காரியம் நடக்குது. அதைப் பார்த்தா வயிறு எரியுது. இந்தப் பதிவு அதைப் பத்தித்தான்.

நான் பாகூர் பக்கத்து விவசாயி. வாரத்துல ரெண்டு நாள் புதுச்சேரி சாரத்துல வாடிக்கை வீடுகளுக்கு அரிசியும் காயும் கொண்டுபோய்க் குடுக்கிறேன். சாரம் இருக்கிறது உழவர்கரை நகராட்சியில. பேருல உழவர் இருக்கார். இப்போ அங்கே நாத்து நட இடம் எங்கே இருக்கு, வண்டி நிறுத்தவே இடம் இல்லை. அந்தத் தெருக்கள்ல காலையில கூடையோட வர்ற கீரைக்காரம்மாக்களை எனக்கு நல்லாத் தெரியும். ரெண்டு தரப்பையும் பக்கத்துல இருந்து பார்க்கிறவன்கிற உரிமையிலதான் பேசறேன்.

நடக்கிறது இதுதான்.

"யம்மா, கட்டு இன்னா விலை?"

"இருவது ரூபா கண்ணு."

"இருவதா? பதினஞ்சுக்குக் குடு. இல்லனா வேணாம்."

அஞ்சு நிமிஷம் இழுத்து, கடைசியில பதினஞ்சுக்கே வாங்கிட்டு உள்ளே போவாங்க. முகத்துல ஒரு வெற்றி. அதே வீட்டு வாசல்ல ஒரு பைக் நிக்கும். மாசத் தவணை 4,000 ரூபா. அந்த ஷோரூம்ல யாரும் பேரம் பேசியிருக்க மாட்டாங்க. ஏசி, கண்ணாடிக் கதவு, டை கட்டின பையன். காட்டின இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டுட்டு சாவியோட போட்டோ எடுத்துக்கிட்டு வந்திருப்பாங்க.

கணக்குப் பார்ப்போம். வாரத்துக்கு மூணு கட்டு கீரை, கட்டுக்கு அஞ்சு ரூபா குறைச்சா வாரம் 15 ரூபா, வருஷத்துக்கு 780 ரூபா மிச்சம். இப்போ பைக்குக்கு வாங்கின கடனை எடுத்துக்குங்க. 1,20,000 ரூபா, 12 சதவீத வட்டி, மூணு வருஷம். மாசத் தவணை ஏறக்குறைய 3,986 ரூபா வரும். மூணு வருஷத்துல கட்டுற வட்டி மட்டும் சுமார் 23,500 ரூபா. 780-ஆல வகுத்துப் பாருங்க. அந்த ஒரு வண்டியோட வட்டிக்கு ஈடு கட்ட, கீரைக்காரம்மாகிட்ட 30 வருஷம் பேரம் பேசணும்!

வண்டியே வாங்காதீங்கன்னு நான் சொல்லல. வேலைக்குப் போக வண்டி வேணும். ஆனா ரெண்டரை வருஷம் பழைய வண்டியையே ஓட்டி, அந்தத் தவணைக் காசை முன்னாடியே சேர்த்து வச்சி, கையில ரொக்கத்தோட போய் வாங்கினா 23,500 உங்க வீட்டுல தங்கும். அதுதான் சிக்கனம். ஆசையைக் கொஞ்சம் தள்ளிப் போடுறது. நம்ம வாயைக் கட்டுறது. அடுத்தவங்க வயித்துல அடிக்கிறதுக்குப் பேரு வேற.

இப்போ கூடைக்கு அந்தப் பக்கம் வாங்க. ஒரு உதாரணக் கணக்கு. எங்களை மாதிரி ஆளுங்ககிட்ட கட்டு 12 ரூபான்னு 60 கட்டு எடுக்கறாங்க. 20 ரூபான்னு எல்லாமே வித்துட்டா 480 ரூபா லாபம். பஸ், ஷேர் ஆட்டோ, டீ எல்லாம் சேர்த்து 80 ரூபா போனா 400. வீட்டுச் செலவு 350. மிச்சம் 50 ரூபா. விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து, வெயில் ஏற ஏறக் கீரை வாடுமேன்னு ஓடி ஓடி வித்ததுக்கு அந்த அம்மாவோட ஒரு நாள் சேமிப்பு அந்த 50 ரூபாதான். பத்து பேர் ஆளுக்கு அஞ்சு ரூபா குறைச்சா அது மொத்தமும் போச்சு. பத்து வீட்டுல யாருக்கும் எதுவும் பெருசா சேரல. ஒரு வீட்டுல சேமிப்பே இல்லாம போயிடுச்சு.

இதைத்தான் நான் கேக்கிறேன். உங்களுக்குப் பணத்துல விடுதலை வேணும். நியாயம். அந்த அம்மாவுக்கு வேணாமா? உங்க சிக்கனத்தை அவங்க சிக்கனத்துல இருந்து எடுத்தா அது எப்படிச் சிக்கனம் ஆகும்?

சரி, கணக்குக்கு வர்றேன். எங்க பசங்க நிறையப் பேர் இப்போ நாப்பது வயசுலேயே வேலையை விட்டுடணும்னு பேசறாங்க. வெளிநாட்டுல இதுக்குன்னு ஒரு கூட்டமே இருக்கு. 1992-ல் அமெரிக்காவுல விக்கி ராபின், ஜோ டொமிங்குவெஸ் ரெண்டு பேரும் எழுதின 'யுவர் மணி ஆர் யுவர் லைஃப்' புத்தகம் அதுக்கு ஒரு முக்கியமான ஆரம்பம். பணம்னா நாம வித்த ஆயுசு, ஒவ்வொரு செலவும் நம்ம வாழ்நாள்ல இருந்துதான் போகுதுங்கிறது அந்தப் புத்தகத்தோட சாரம். களையெடுக்கப் போற ஆளுக்கு இது புதுசு இல்லை. அரை நாள் கூலிக்குத் தக்காளி வாங்கறோமேன்னு நினைக்காத கூலிக்காரங்க யாரு?

மாசம் 40,000 ரூபா சம்பளம்னு வச்சிக்குங்க. செலவு 36,000. மிச்சம் 4,000. வேலைக்குப் போகாம ஒரு மாசம் குடும்பம் ஓடணும்னா 36,000 வேணும். அதைச் சேர்க்க 9 மாசம் உழைக்கணும். செலவை 30,000 ஆக்கினா மிச்சம் 10,000. இப்போ மூணே மாசம் உழைச்சா ஒரு மாசம் உங்களுது. செலவு 20,000-ன்னா ஒரு மாசம் உழைச்சா ஒரு மாசம் உங்களுது. வட்டி, முதலீட்டு வருமானம் எதுவும் சேர்க்காத வெறும் மனக்கணக்கு இது.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. 36,000-த்துல இருந்து 30,000-க்கு வர்றதுக்குக் குறைச்சது ஆறுல ஒரு பங்குதான். ஆனா வேகம் மூணு மடங்கு கூடிடுச்சு. ஏன்னா செலவைக் குறைச்சா ரெண்டு பக்கமும் வேலை செய்யுது. மிச்சமும் கூடுது, தேவையும் குறையுது. அதே 6,000 ரூபா சம்பளத்துல கூடியிருந்தா? 46,000 சம்பளம், 36,000 செலவு, 10,000 மிச்சம். ஆனா ஒரு மாசத்துக்குத் தேவை இன்னும் 36,000. மூணரை மாசத்துக்கு மேல உழைக்கணும். அதுவும் சம்பளம் கூடினதும் செலவு கூடாம இருந்தாத்தான். எத்தனை வீட்டுல அப்படி இருக்கு? இன்க்ரிமென்ட் வந்த மாசமே புது போன் வந்துடுது.

1994-ல் வில்லியம் பெங்கன்னு ஒரு அமெரிக்க நிதி ஆலோசகர் பழைய சந்தைக் கணக்கையெல்லாம் புரட்டிப் பார்த்து, சேர்த்த பணத்துல முதல் வருஷம் 4 சதவீதம் எடுத்து, அடுத்தடுத்த வருஷம் விலைவாசிக்கு ஏத்த மாதிரி கூட்டிக்கிட்டுப் போனா 30 வருஷம் தாங்கும்னு சொன்னார். அதைத் திருப்பிப் போட்டா வருஷச் செலவு மாதிரி 25 மடங்கு வேணும்னு ஆகுது. அது அமெரிக்காவுக்குச் சொன்ன கணக்கு. நம்ம ஊரு விலைவாசிக்கு அப்படியே பொருந்தும்னு நம்பி யாரும் வேலையை விட்டுடாதீங்க. ஆனா திசையைக் காட்ட அது போதும். மாசம் 36,000 செலவு பண்றவருக்கு 25 மடங்குன்னா 1 கோடியே 8 லட்சம் வேணும். 20,000 செலவு பண்றவருக்கு 60 லட்சம் போதும். மாசம் 16,000 ரூபா குறைஞ்சா சேர்க்க வேண்டிய மலை 48 லட்சம் குறையுது. எந்த ஷேரும் எந்த ஃபண்டும் இதைச் செய்யாது. நம்ம கை மட்டும்தான் செய்யும்.

சரி, எதைக் குறைக்கிறது? விவசாயிக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்றேன். வயல்ல தண்ணி நிக்கலைன்னா நாங்க மோட்டாரை மாத்த மாட்டோம். முதல்ல மம்பட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு வரப்பைச் சுத்தி வருவோம். எங்கேயாவது நண்டு வளை இருக்கும். ராத்திரி பூரா ஓடின மோட்டார் தண்ணி அந்த வளை வழியா பக்கத்துக் கொல்லைக்குப் போயிருக்கும். சேறு வச்சி வளையை அடைச்சா அரை மோட்டார் தண்ணியே போதும். டவுன்காரங்க வளையை விட்டுட்டு, வரப்பு மேல விழுந்த பனித்துளியைத் துடைச்சிக்கிட்டு இருக்காங்க. கீரையில அஞ்சு ரூபா பனித்துளி. வளை வேற இடத்துல இருக்கு.

முதல் வளை கிரெடிட் கார்டு. கிராமத்துல ரெண்டு வட்டி, மூணு வட்டின்னா அநியாயம்னு பேசறோம். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டுல 2003-லேயே தனிச் சட்டம் போட்டாங்க. ஆனா கார்டுல பாக்கி வச்சா பல பேங்குல மாசம் நூத்துக்கு மூணரை ரூபா வட்டி. வருஷத்துக்கு 42 சதவீதம். 50,000 ரூபா பாக்கிக்கு மாசம் 1,750 ரூபா வட்டி. அசல் அப்படியே இருக்கும். எங்க ஊரு வட்டிக்கடைக்காரரே இதைக் கேட்டு வாயைப் பொளந்தார். "இவ்ளோ வாங்கினா என்னை ஊரை விட்டே துரத்தியிருப்பாங்களே"ன்னார். அவர் அழுக்கு வேட்டி கட்டிக்கிட்டு நோட்டுல எழுதறார். அவங்க ஆப்ல எழுதறாங்க. அவ்ளோதான் வித்தியாசம்.

ரெண்டாவது வளை கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. இதுல டவுனும் கிராமமும் ஒண்ணுதான். எங்க பக்கத்துலயும் ஆளுயர டிஜிட்டல் பேனர், பட்டாசு, ட்ரோன் கேமரா எல்லாம் வந்தாச்சு. மொய்யை நம்பி கடன் வாங்கறாங்க. மொய் திரும்பக் குடுக்க வேண்டிய கடன்தானே? ஒரு கடனை நம்பி இன்னொரு கடன். மூணு மணி நேரம் மேடையில நிக்கிறதுக்கு அஞ்சு வருஷம் தவணை கட்டுறதை மரியாதைன்னு எப்போ இருந்து சொல்ல ஆரம்பிச்சோம்?

மூணாவது, புதுச்சேரியில இருந்துக்கிட்டு இதைச் சொல்லாம போனா நான் நேர்மையா எழுதினவன் இல்லை. குடி. நம்ம ஊருல சாராயக்கடைக்கும் லைசென்ஸ் உண்டு, பிராந்திக்கடை தெருவுக்குத் தெரு உண்டு. தினம் 150 ரூபாய்க்குக் குடிச்சா வருஷத்துக்கு 54,750 ரூபா. கீரை பேரத்துல மிச்சம் பிடிச்ச 780 ரூபாயை இது பக்கத்துல வச்சிப் பாருங்க. வீட்டு அம்மா தெருவுல அஞ்சு ரூபாய்க்குச் சண்டை போடறாங்க. வீட்டு ஐயா சாயங்காலம் சத்தம் போடாம 150 ரூபாயை நீட்டிடறார்.

காமராஜர் சாலை சாரம் வழியாத்தான் போகுது. யார் பேரை வச்சிருக்கோம்னு ஒரு நிமிஷம் யோசிங்க. முதலமைச்சரா இருந்தவர், காங்கிரஸ் கட்சிக்கு அகில இந்தியத் தலைவரா இருந்தவர், 1975 அக்டோபர் 2-ஆம் தேதி வாடகை வீட்டுல இறந்தார். அவரை யாராலயும் விலைக்கு வாங்க முடியலை. வாங்கறதுக்கு அவர்கிட்ட ஆசை இருந்தாத்தானே? அந்த மனுஷன் பேருல இருக்கிற ரோட்டுல இன்னைக்குத் தவணை போர்டு வைக்காத கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும்.

இது நம்ம ஊரு கதை மட்டும் இல்லை. 2022-23-ல் இந்தியக் குடும்பங்களோட நிகர நிதிச் சேமிப்பு, நாட்டு உற்பத்தியில 5 சதவீதத்தை ஒட்டி இறங்கிடுச்சு. ஏறக்குறைய 50 வருஷத்துல இவ்ளோ குறைஞ்சதே இல்லைன்னு ரிசர்வ் பேங்க் புள்ளிவிவரத்தை வச்சி அப்போ பெரிய விவாதமே நடந்துச்சு. ஒரு பக்கம் கடன் ஏறுது, இன்னொரு பக்கம் சேமிப்பு இறங்குது.

சிக்கனம் விடுதலை குடுக்கும்னு நான் நம்புறதுக்குக் காரணம் அமெரிக்கப் புத்தகம் இல்லை. மதுரை மாவட்டத்துச் சின்னப்பிள்ளை. பள்ளிக்கூடம் போகாத விவசாயக் கூலி. நடவு, அறுப்புக்குப் பெண்களைச் சேர்த்துக்கிட்டுப் போற கொத்துத் தலைவி மாதிரி இருந்தவங்க. 1990-கள்ல களஞ்சியம் அமைப்புல சேர்ந்து, கூலிப் பெண்கள் மாசாமாசம் ஒரு சின்னத் தொகையைக் கட்டி, அந்தப் பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடனாக் குடுத்து வாங்கிக்கிற குழுக்களை ஊர் ஊராக் கட்டினாங்க. வட்டிக்காரர் வாசல்ல நிக்கிற நிலை அந்தப் பெண்களுக்குக் குறைஞ்சது. 2001 ஜனவரியில டெல்லியில ஸ்த்ரீ சக்தி விருது குடுக்கிறப்போ பிரதமர் வாஜ்பாய் அவங்க காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ கிடைச்சது.

அந்தப் பெண்கள் எந்த ஆடம்பரத்தைக் குறைச்சாங்க? குறைக்கிறதுக்கு அவங்ககிட்ட ஒண்ணும் இல்லை. கூலியில ஒரு கைப்பிடி எடுத்து வச்சாங்க. அரிசி உலையில போடறப்போ ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில போடுற பழக்கம் நம்ம பாட்டிங்களுக்கு இருந்ததே, பிடி அரிசி, அதே கதைதான். ஒரு ஆளோட பிடி அரிசி ஒரு வேளைக் கஞ்சி. இருபது பேரோட பிடி அரிசி ஒரு பேங்க்.

ஆனா கதையை இங்கேயே முடிச்சா நான் உங்களை ஏமாத்தினதா ஆகும். அதே சின்னப்பிள்ளை இருக்க ஒரு நல்ல வீடு இல்லாமத்தான் இருந்தாங்க. வீடு தர்றோம்னு சொன்னது வரலைன்னு அவங்க வெளியில பேசினதுக்கு அப்புறம், 2024-ல் தமிழ்நாடு அரசு வீடு கட்டித் தர்றதா அறிவிச்சது. ஊருக்கெல்லாம் சேமிப்பு சொல்லிக் குடுத்த பெண்ணுக்கே இதுதான் நிலைமை. சிக்கனம் வட்டிக்காரர்கிட்ட இருந்து காப்பாத்தும். கூலியே கம்மியா இருந்தா அதனால வீடு கட்ட முடியாது. சேமிக்கிறதுக்கு முதல்ல மிச்சம் வரணும். மிச்சம் வர்றதுக்கு உழைப்புக்கு விலை கிடைக்கணும்.

புதுச்சேரிக்காரங்களுக்கு இது ரத்தத்தால எழுதின பாடம். ஒரு காலத்துல ரோடியர், சவானா, கெப்ளே மில்லுங்கதான் இந்த ஊருக்குச் சோறு போட்டது. பிரெஞ்சு ஆட்சியில மில் தொழிலாளிங்க எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடினாங்க. 1936 ஜூலை 30-ஆம் தேதி சுட்டதுல 12 தொழிலாளிங்க செத்தாங்க. அதுக்கு அப்புறம்தான் எட்டு மணி நேர வேலை சட்டமாச்சு. இன்னைக்கும் ஜூலை 30-ல் தொழிற்சங்கங்கள் அஞ்சலி செலுத்தறாங்க. அந்தத் தொழிலாளிங்க கேட்டதும் ஒரு வகையில இதே விடுதலைதான். அவங்க வாழ்நாள்ல கொஞ்ச நேரத்தை அவங்களுக்கே திருப்பிக் கேட்டாங்க. அவங்களைப் பார்த்து, "சிக்கனமா இருங்கப்பா, எல்லாம் சரியாயிடும்"னு யாராவது சொல்லியிருந்தா அதை என்னன்னு சொல்றது?

அதே மில்லு இன்னொரு பாடமும் வச்சிட்டுப் போச்சு. ரோடியர் மில்லுன்னு நாம சொல்ற ஏஎஃப்டி 1898-ல் ஆரம்பிச்சது. நூறு வருஷத்துக்கு மேல சங்கு ஊதின மில்லு. 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோட மூடிட்டாங்க. அரசாங்கம் எடுத்து நடத்தின மில்லுக்கே அந்தக் கதி. உங்க ஐடி கம்பெனியும் தனியார் பேங்கும் அதை விடக் கெட்டின்னு யார் உங்களுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தது? சம்பளம் நிரந்தரம்னு நம்பி 20 வருஷத் தவணையில கையெழுத்துப் போடறதுதான் இந்தக் காலத்துப் பெரிய சூதாட்டம்.

அதனால ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும். வயித்துக்கு மேல வருமானம் இருக்கிறவங்களுக்குச் சிக்கனம் கடமை. வயித்துக்கே போதாதவங்களுக்கு நியாயமான கூலியும் விலையும் உரிமை. முதல் ஆளு தன்னோட கடமையை ரெண்டாவது ஆளோட உரிமையில கை வச்சி முடிச்சிக்கக் கூடாது. கீரைக்காரம்மா, வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, செருப்பு தைக்கிற பெரியவர், இவங்களுக்குக் குடுக்கிற காசு சிக்கனக் கணக்குல வரவே கூடாது. அந்தப் பக்கத்தை நோட்டுல இருந்து கிழிச்சிடுங்க.

"கடன்ல இருக்கிற விவசாயி எங்களுக்குப் புத்தி சொல்றானா?"ன்னு கேக்கலாம். கேளுங்க. விவசாயி நாள் தவறாம கட்டினா 3 லட்சம் வரைக்கும் பயிர்க்கடனுக்கு 4 சதவீதம்தான் வட்டி. அந்தக் கடன் விதையாவும் உரமாவும் மண்ணுக்குள்ள போய் நெல்லா வெளியே வருது. ஆனா நெல்லுக்கு விலை நாங்க வைக்கிறது இல்லை. 2025-26-க்கு மத்திய அரசு சாதாரண ரக நெல்லுக்கு அறிவிச்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபா. கிலோ 24 ரூபா கூட வரலை. அதுவும் கொள்முதல் நடந்தாத்தான். எங்க கடனுக்குக் காரணம் வேற, உங்க கடனுக்குக் காரணம் வேற. புயல் வந்து உங்க சம்பளத்தை அடிச்சிக்கிட்டுப் போறது இல்லையே?

"வாழ்க்கையை அனுபவிக்க வேணாமா?"ன்னு இன்னொரு கேள்வி வரும். வேணும். தாராளமா அனுபவிங்க. சனிக்கிழமை சாயங்காலம் பீச் ரோட்டுல காத்து வாங்க டிக்கெட் கிடையாது. பழைய சோத்துக்கு வறுத்த மோர்மிளகா வச்சிச் சாப்பிடறதை விட எந்த ஹோட்டல்ல பெரிய ருசி? நான் சொல்றது கருமித்தனம் இல்லை. கருமி அடுத்த வீட்டுல டீ குடிச்சிட்டுத் தன் வீட்டுல கதவைச் சாத்துறவன். சிக்கனக்காரன் ரெண்டு சட்டையோட இருப்பான், வந்தவங்களுக்குச் சோறு போடுவான். ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னுதான் சொன்னாங்க, போடாதேன்னு சொல்லலையே?

"எல்லாரும் செலவைக் குறைச்சா வியாபாரம் படுத்துடாதா?" இதைக் கேக்கிறவங்க காசு எங்கே போகுதுன்னு பார்க்கணும். வட்டியாப் போற காசு தெருவுல நிக்கிறது இல்லை. கீரைக்கு முழு விலை குடுத்த 20 ரூபா அன்னைக்கே பொட்டிக்கடைக்கும் டீக்கடைக்கும் எங்க ஊருக்கும் வந்துடுது.

எங்கே ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா வரிசையாச் சொல்றேன்.

முதல்ல 42 சதவீத வட்டியை அடைங்க. கார்டு பாக்கி, அப்புறம் அடகுல இருக்கிற நகை. இதை வச்சிக்கிட்டு 12 சதவீதம் வருமானம் வரும்னு ஃபண்டுல போடறது, வளையை அடைக்காம மோட்டார் போடற வேலை.

ரெண்டாவது, ஆறு மாசக் குடும்பச் செலவைத் தனியா எடுத்து வைங்க. எங்களுக்கு விதைநெல் மாதிரி. வீட்டுல அரிசி தீர்ந்தாலும் விதைநெல் கோட்டையைப் பிரிக்க மாட்டாங்க. பிரிச்சவன் அடுத்த போகம் அடுத்தவன் காலடியிலதான் நிக்கணும்.

மூணாவது, பெரிய செலவு எதுவா இருந்தாலும் அதோட தவணையை ஒரு வருஷம் முன்னாடியே உங்க கணக்குல உங்களுக்கே கட்டிப் பாருங்க. கட்ட முடிஞ்சா அப்புறம் அந்தப் பொருளைப் பத்திப் பேசலாம். முடியலைன்னா அந்தப் பொருள் உங்களுக்குப் பெருசு. விரலுக்கு ஏத்த வீக்கம் போதும்.

நாலாவது, சம்பளம் கூடுறப்போ கூடின காசைக் கண்ணுல பார்க்காதீங்க. வந்த அன்னைக்கே சேமிப்புக்கு மாத்திடுங்க.

அஞ்சாவது, விளையிற காலத்துல வாங்குங்க. தை, மாசியில சம்பா அறுப்பு முடியுது. அப்போ நாலு வீட்டுக்காரங்க சேர்ந்து ஒரு விவசாயிகிட்ட ஆறு மாச அரிசியை மொத்தமா பேசி எடுத்தா, பாக்கெட் அரிசியை விட உங்களுக்கும் கம்மியா விழும், மண்டியை விட எங்களுக்கும் கூடக் கிடைக்கும். நடுவுல போற காசை நாம ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிறோம். ரெண்டு வேப்பிலைக் கொத்தை உள்ளே போட்டு மூடி வச்சா அரிசி கெடாது. பழைய அரிசி சோறு பொலபொலன்னு இருக்கும், உலையில கூடவே காணும். ரெண்டு பக்கமும் ஜெயிக்கிற சிக்கனம் இப்படி இருக்கும்.

இந்த அஞ்சுல எதுலயும் கீரைக்காரம்மா வரலை, பாருங்க. வர வேண்டிய அவசியமே இல்லை. உங்க விடுதலைக்கான காசு உங்க வீட்டுலதான் கிடக்கு. அலமாரியில மடிப்புக் கலையாத துணியா, சுவத்துல மாட்டின ரெண்டாவது டிவியா, போன்ல மாசாமாசம் தானா கழியிற சந்தாவா, ஆறாவது மாசமே மாத்தின சோபாவா. அங்கே மம்பட்டியை எடுத்துக்கிட்டுப் போங்க. தெருவுக்கு வரும்போது பர்ஸை மட்டும் கொண்டு வாங்க. கட்டு இருவதுன்னா இருவதைக் குடுங்க.